சில்லிட்ட முட்டை

1884 ஜூலை 8

இல்லை, சில்லிட்டுத்தான் இருந்தது. இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். ஓடைக் கல்லின் குளிர்ச்சி. ஒற்றை முட்டை, சாம்பல் நிறம், பழுப்புத் தீற்றல்கள். சனிக்கிழமை இட்டிருக்க வேண்டும். வெள்ளியன்று கூடு காலி.

இங்கே எல்லோரும் காட்டுக்கோழி என்கிறார்கள். ஆணின் வால் விரிந்தால் யாழ். பத்திரிகையில் வரும் என் பத்தியில் யாழ்வாலி என்றே எழுதுகிறேன்.

தாயைக் காணோம். கைவிட்டுவிட்டதா?

ஜூலை 9

மாலை நான்கு மணிக்குப் போனேன். தாய் கூட்டிலிருந்து இறங்கி ஓடியது. முட்டை கதகதப்பாக இருந்தது.

காலையில் குளிர். மாலையில் சூடு. அப்படியென்றால் போன வருடம் —

இன்று போதும்.

ஜூலை 16

ஒரு வாரக் கணக்கு. தாய் எட்டு மணியளவில் மேயப் போகிறது. திரும்ப நண்பகல் ஆகிவிடுகிறது. பதினோரு மணிக்குக் கூட்டில் வெப்பமானி வைத்தேன்: ஃபாரன்ஹீட்டில் நாற்பத்தாறு பாகை. எந்தக் கோழிமுட்டையும் இந்தக் குளிரைத் தாங்காது.

தம்பி நினியன் பால் அறையிலிருந்து கத்தினான். "அக்கா, வெண்ணெய் கடையற தெர்மாமீட்டர் எங்க?"

"கூட்டுல."

"அதுவும் முட்டை போடுமா?"

ஜூலை 19

மெல்பர்ன் பறவைச் சங்கச் செயலாளர் திரு. ஃபார் அவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நேரம், பாகை, தேதி. நாள்தோறும் சில்லிட்டும் இந்த முட்டை பொரிக்கும் என்று நினைக்கிறேன் என்றும். 'நினைக்கிறேன்' என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

ஜூலை 24

மழை. அட்டைகள். காலுறைக்குள் ஏழு.

ஜூலை 30

பதில் வந்தது. 'அன்புள்ள ஐயா' என்று தொடங்குகிறது. பத்திரிகையில் நான் 'பெரணி' என்றுதான் கையெழுத்திடுகிறேன், கடிதத்திலும் அதுவே. ஆண் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். திருத்தப்போவதில்லை.

சில்லிட்ட முட்டை கைவிடப்பட்ட முட்டையாம். ஆதாரம்: சென்ற ஆகஸ்டு 'பெரணி'யின் பத்தி. என் வாக்கியத்தையே, தேதியோடு, எனக்கு எழுதியிருக்கிறார். முட்டையை அனுப்பினால் வரும் ஆகஸ்டுக் கடைசிக் கூட்டத்தில் வைக்கலாமாம். கண்ணால் பார்க்க ஒரு பொருள் இல்லாமல் வெறும் சொல்லைச் சங்கம் பதிவு செய்வதில்லை.

நியாயமான கடிதம். அதுதான் எரிச்சல்.

ஆகஸ்டு 2

தபால் எடுக்க பாஸ்கோ கடைக்குப் போனேன். திருமதி பாஸ்கோ உள்ளேயிருந்து ஒரு சுருட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். தவிட்டில் மூன்று முட்டைகள். சாம்பல் நிறம்.

"எங்க வீட்டுக்காரர் எடுத்தது. காலைல போய்த் தொட்டுப் பார்ப்பார். சில்லுன்னு இருந்தா எடுத்துக்குவார். இல்லேன்னா தொடமாட்டார், பாவம்னு."

"யார் சொன்னாங்க அப்படி?"

"அந்தப் பெரணியோ என்னமோ, பேப்பர்ல எழுதுறாரே, அவருதான். படிச்ச மனுஷன். என்ன எஃபி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? சாப்ட்டியா இல்லயா?"

சாப்பிட்டேன் என்றேன்.

மூன்று. ஒரு பாஸ்கோவுக்கே மூன்று. பத்திரிகை எத்தனை வீடுகளுக்குப் போகிறது?

ஆகஸ்டு 3

எழுதிவிடுகிறேன்.

போன வருடம் நானும் எடுத்தேன். காலை ஒன்பது மணி, சில்லென்று இருந்தது, கைவிட்டது என்று முடிவு செய்தேன். பத்தியை அன்றே அனுப்பினேன். மறுநாள்தான் ஓட்டை மட்டும் வைத்துக்கொள்ள, முட்டையில் துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றப் பார்த்தேன். புதுமுட்டைக்கு ஊசித்துளை போதும். இதில் எதுவும் வெளியே வரவில்லை. துளையைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். இரத்தம் வந்தது. பிறகு குஞ்சு. கண்கள் கறுப்பாக, மூடி.

நேற்றுத்தான் கைவிட்டிருக்கும், அதனால்தான் கெடவில்லை — இப்படி எனக்கே ஒரு சமாதானம். முட்டையைப் பெட்டியில் வைத்தேன். துளை பஞ்சுக்குள், நல்ல பக்கம் மேலே. சீட்டு: 'கைவிட்ட கூடு.' பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள்.

திருத்தம் எழுத ஒரு வருடம் இருந்தது. எழுதினேனா?

ஆகஸ்டு 17, ஞாயிறு

நாற்பத்துமூன்றாம் நாள்.

காலைச் சாப்பாட்டில் நினியன்: "கோழிக்கு இருபத்தொண்ணு. வாத்துக்கு இருபத்தெட்டு. இது நாப்பத்துமூணு. அக்கா, அது முட்டையே இல்ல, கூழாங்கல்லு."

நாளைத் தபாலில் போட்டால் கூட்டத்துக்குப் போய்ச் சேரும். டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு கூடு இருக்கும் பள்ளத்தில் இறங்கினேன். செத்துவிட்டது என்றால் எடுப்பதில் பாவம் இல்லை. செத்துத்தான் போயிருக்கும். எந்த முட்டை நாற்பத்துமூன்று நாள் கிடக்கும்?

கையில் எடுத்தேன். சில்லென்று இருந்தது. பஞ்சில் வைத்தும்விட்டேன். அப்போதுதான் பட்டது — போன வருடமும் இதே கணக்குத்தான். இதே மணி. இதே நல்ல காரணம்.

திரும்பக் கூட்டில் வைத்தேன். தாய் வரும்வரை மரப்பெரணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றேமுக்காலுக்கு வந்தது. ஏறி உட்கார்ந்தது.

கூட்டத்துக்கு இனி எதுவும் இல்லை.

ஆகஸ்டு 21

சில்லிட்டிருக்கிறது. நாற்பத்தேழு.

ஆகஸ்டு 24

பொரித்துவிட்டது.

ஐம்பதாம் நாள். உரித்த தோல், தலையில் கறுத்த தூவி, கத்தல் மட்டும் உடம்பைப் போல மூன்று மடங்கு.

நினியனைக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டிப் பார்த்தான்.

"ரொம்ப அசிங்கமா இருக்குக்கா. நம்ம பாஸ்கோ மாதிரியே இருக்கு."

பிறகு, ஏறி வரும்போது: "ஐம்பது நாளா? நெசமாவா?"

நெசமா என்று கேட்டான். என்னோடு இருக்கும் தம்பியே கேட்கிறான். ஃபார் என்ன செய்வார்?

ஆகஸ்டு 25

பொருள் வேண்டுமாம். பொருள் இருக்கிறது. ஒரு வருடமாக என் அலமாரியில்தான் இருக்கிறது.

போன வருட முட்டையை எடுத்துத் திருப்பி வைத்தேன். துளை மேலே. சுண்டுவிரல் நுழையும் துளை. முட்டை சேர்ப்பவன் எவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும்: உள்ளே குஞ்சு இருந்திருக்கிறது. பழைய சீட்டில் 'கைவிட்ட கூடு' என்பதை ஒரே கோடாக அடித்தேன், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் எழுதினேன்: 'காலை ஒன்பது மணிக்குச் சில்லிட்டிருந்தது. உயிரோடு இருந்தது. தாய் மேயப் போயிருந்தாள். தவறு என்னுடையது.' கீழே என் முழுப் பெயர்: யூஃபீமியா லெக்கி.

ஐம்பது நாள் குறிப்பையும் உடன் வைத்து ஃபாருக்குப் பொட்டலம் கட்டினேன். பத்திரிகைக்குத் தனியாகத் திருத்தம், அதே பெயரில். இனி ஐயா என்று எழுதமாட்டார். எழுதுவாரா என்பதே தெரியாது.

பாஸ்கோ கடையில் திருத்தத்தை உறையிடும் முன் திருமதி பாஸ்கோவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"அப்ப அந்த ஆளு நீதானா?"

"நான்தான்."

நிமிர்ந்து பார்க்கவில்லை. முத்திரையை ஓங்கிக் குத்தினாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ போ."

வரும் வழியில் பள்ளத்தில் இறங்கி வெப்பமானியை எடுத்தேன். வீட்டில் வெந்நீரில் கழுவி, பால் அறையில் அதன் ஆணியில் மாட்டினேன்.