அறுபத்திரண்டு வயதில் தொட்டில் வேலை

ஜூன் 4

அன்புள்ள அப்பா,

போனில் மெதுவாகப் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை, கத்தினால் குட்டி எழுந்துவிடுகிறான். அதனால் எழுதுகிறேன்.

என் லீவு இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. காப்பகத்தில் ஒரு வயது நிரம்பாமல் சேர்க்கமாட்டார்களாம். மாமியாருக்குக் காலில் கட்டு. அம்மாவும் இல்லை. வேலையை விடுவதாகக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். இந்த நேரத்தில் "நான் வந்து பாத்துக்கறேன்" என்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்துநாலு வருஷம் லாரி ஓட்டினீர்கள். நான் பிறந்து மூன்றாம் மாதம்தான் என் முகத்தையே பார்த்தீர்களாம். ஏழு மாதக் குழந்தையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

கவலையோடு,
உங்கள் மகள்

ஜூன் 11

கண்ணு,

ஒன்றும் தெரியாது. அதனால்தான் எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் பத்து நாளாகப் படிக்கிறேன். அவளுக்கும் கைக்குழந்தை. முதல் நாள் இடுப்புத்துணி கட்டச் சொன்னாள். கட்டினேன். அவிழ்க்க முடியவில்லை. கைப்பழக்கத்தில் தார்ப்பாய் முடிச்சு விழுந்துவிட்டது. கத்தரிக்கோலோடு வந்தாள். "ஏன் சார், இது புள்ளையா, சிமெண்ட் மூட்டையா? எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?" குழந்தை மட்டும் சிரித்தது.

இப்போது குளிப்பாட்டுகிறேன், கூழ் ஊட்டுகிறேன். தூங்கவைப்பதில் மட்டும் இரண்டு முறை பெயில். அதற்கு முன்னால் நான் தூங்கிவிட்டேன். இந்த வாரம் பாஸ் ஆகிவிடுவேன். உனக்காகவே படித்திருக்க வேண்டியது. அப்போது வண்டி, வண்டி என்று... சரி, விடு.

வேலையை மட்டும் விட்டுவிடாதே.

அப்பா

ஜூன் 17

அன்புள்ள அப்பா,

படித்துவிட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வாருங்கள்.

குறிப்புகள் தனித்தாளில், இருபத்தாறு. பதினொன்றாவதை, காய்ச்சல் பற்றியதை, இரண்டு முறை படியுங்கள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் மதியத்தில் திடீரென்று வந்து எட்டிப்பார்ப்பேன். என் மனசு அப்படி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

ஜூலை 2

அப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இன்றும் மதியம் வந்தேன். கதவு பூட்டியிருந்தது. உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரி, ரோடு, என்னென்னவோ நினைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். கீழ்வீட்டு டீச்சர் வாசலில் உங்கள் குரல். குட்டி உங்கள் தோளில்.

"உடம்பு லேசா சுடுதுங்க. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. கொஞ்சம் தொட்டுப் பாக்குறீங்களா?"

"பல்லு வருது சார். பயப்படாதீங்க, சாயங்காலம் மறுபடி காட்டுங்க."

நீங்கள் விட்ட பெருமூச்சு படிக்கட்டு வரை கேட்டது.

வழி தப்பினால்கூட யாரையும் கேட்கமாட்டார், நாற்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருவார் என்று அம்மா உங்களைத் திட்டுவாள். அந்த மனுஷனா இது என்று நின்றேன். தெரியாததைத் தெரியாது என்று கேட்கிறவரிடம் பிள்ளையை விட எனக்கென்ன பயம்? சத்தமில்லாமல் ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன்.

நாளையிலிருந்து மதியம் வரமாட்டேன். வேலையையும் விடமாட்டேன்.

உங்கள் மகள்

ஜூலை 3

கண்ணு,

நீ வந்ததை நேற்றே பார்த்தேன். பின்னால் வருவது யாரென்று பார்க்காமலா இத்தனை வருஷம் ஓட்டினேன்? கூப்பிடத்தான் நினைத்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதை நீ பார்க்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இதை உன் சாப்பாட்டு டப்பாவில் வைக்கிறேன். நீ மதியம் இங்கே ஓடி வருவதில் மூன்று நாளாக அது அப்படியே திரும்பி வருகிறது. இன்று காலியாக வரட்டும்.

அப்பா