விண்கொம்பனின் இடக்கொம்பு

திரைக்கு அப்பால் அமர்ந்து நம் அனைவரையும் ஆட்டுவிக்கும் ஆட்டக்காரரின் திருவிரல்கள் சோர்வின்றி வாழ்க! ஆளுக்கு மூன்று உயிர் தந்த அவர் அருள் ஓங்குக!

ஏழு அருவிகளுக்கு உரியவரும், வேழப்படை நடத்தி வென்றவரும், எம் வேந்தரின் உடன்பிறவாத் தம்பியுமாகிய குன்றவாயில் சிற்றரசர் அதிகன் நள்ளியார் திருமுன்புக்கு, நெடுமதி நாட்டு மாமன்னர் பொறையேந்தியார் ஆணைப்படி பேரமைச்சர் பூதங்கண்ணனார் விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளில் மழை பொய்யாதிருக்கவும், தங்கள் மதில் காக்கும் வீரர் எவரும் கடைசி உயிரைத் தொடாதிருக்கவும் எம் நாடு வாழ்த்துகிறது.

விண்கொம்பனின் இடக்கொம்பைத் தங்கள் வெற்றிவாயிலில் மாட்டும் விழாவுக்கு வருமாறு தாங்கள் அனுப்பிய அழைப்பு அவையில் படிக்கப்பட்டது. மன்னர் முகம் வெளிறிப்போனது. படைத்தலைவி மருதநங்கை எழுந்து சம்மட்டியை எடுக்கப் போனாள். ஏன் போனாள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

விண்மீன்களுக்கு அப்பாலிருந்து இரும்பு முட்டை ஒன்றில் வந்திறங்கிய அக்கொடியவன், வந்த அன்றே கோடியூரை ஆளோடு மாடோடு கொளுத்தினான். தான் அண்டங்களின் ஏகாதிபதி என்றும், புழுக்கள் யாவும் மண்டியிட வேண்டும் என்றும் ஒவ்வொரு போரிலும் அதே வசனத்தை, கேட்பவர்க்கு அலுப்புத் தட்டும்வரை முழங்கினான். வலக்கையால் அறைவான், இடக்கையால் அறைவான், கண்ணால் தீ உமிழ்வான், பிறகு நின்று மூச்சு வாங்குவான். அப்போது மார்புக் கவசம் திறந்து உள்ளே பச்சை ஈரல் துடிக்கும். இந்த ஒழுங்கைக் கண்டுகொள்வதற்குள் எம் வீரர் பலர் நசுங்கிச் செத்து, உயிர் மிச்சமுள்ளோர் மீண்டெழும் விளக்குத்தூணடியில் கண்விழித்து, மிச்ச உயிரோடு மறுபடி களம் புகுந்தனர்.

முடிவில் மருதநங்கை அந்த ஈரலில் வேலைச் செருகித் திருகினாள். பச்சைக் குருதி வாய்க்கால்போல் ஓடியது. வீழ்ந்த பகைவனின் முடியை வென்றவரே வாயிலில் மாட்டுவது நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம் அல்லவா? அவனுக்கு முடி என்றால் கொம்பு முளைத்த தலைக்கவசம்தான். ஊரார் குலவையிட, ஏணியேறி அதை ஆணியில் மாட்டினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டவள் அவள் தங்கை செங்காந்தி.

சில நாளில் அக்கவசத்தின் உள்ளே தசை ஊறியது. முழு உடலோடு அவன் குதித்தான். மறுபடி கொன்றோம். கொன்றதோடு விட்டோமா? வழக்கத்தை விடாத பெருமக்கள் அல்லவா யாம்? இம்முறை ஆணி பெரியது என்று மெச்சிக்கொண்டு, கவசத்தை அதே வாயிலில் மறுபடி மாட்டினோம். இதை எழுதும் பூதங்கண்ணனாரும் அன்று கைதட்டியவர்களுள் ஒருவர்.

சந்தை கூடிய முற்பகலில் அவன் மறுபடி இறங்கினான். கத்தரிக்காய்க் கூடைகளுக்கு இடையே கைகளும் கால்களும் சிதறின. வாயிலருகே நின்ற செங்காந்தியை இரு கைகளாலும் பிடித்து, துணியைக் கிழிப்பதுபோல் கிழித்தான். அவளுக்கு அதுவே கடைசி உயிர். மருதநங்கை நாள்கணக்கில் விளக்குத்தூணடியில் சோறு தண்ணீர் இன்றிக் காத்திருந்தாள். தங்கை எழவில்லை.

அதன்பின் நடந்த போரில் தங்கள் யானைகள் எமக்குத் துணைநின்றன. அந்த நன்றியை எம் நாடு மறவாது. அன்று அவன் மருதநங்கையின் மண்டையைப் பாறையில் மோதி உடைத்தான். அவள் தன் இரண்டாம் உயிரையும் இழந்து, தூணடியில் எழுந்து, வழியெங்கும் கிடந்த தன் வீரரின் பிணங்களைத் தாண்டி ஓடிவந்து அவன் ஈரலைப் பிடுங்கி எறிந்தாள். இம்முறை கவசம் ஆணிக்குப் போகவில்லை. சம்மட்டியால் அடித்து நொறுக்கி உலையில் இட்டாள். உருகும்போதும் அது மண்டியிடுமாறு எமக்குக் கட்டளையிட்டது.

ஆனால் தங்கள் பட்டத்து யானை முட்டியதில் உடைந்த இடக்கொம்பைத் தாங்கள் பட்டில் சுற்றி எடுத்துச் சென்றதை யாரும் கவனிக்கவில்லை. தாங்கள் பெருமைக்காகச் செய்தது அது. கேடு நினைத்துச் செய்யவில்லை என்று மன்னர் நம்புகிறார்.

எம் வாயிலில் இப்போது ஆணி வெறுமையாக இருக்கிறது. அதன் கீழே செங்காந்தி பெயரால் விளக்கு எரிகிறது. இனி எப்பகைவனின் எலும்பும் முடியும் இந்நாட்டில் மாட்டப்படாது. தெருப்பிள்ளைகள் விண்கொம்பன் ஆட்டம் ஆடுகிறார்கள். விண்கொம்பனாக நடிப்பவன் மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் மார்பில் தொட்டுவிட்டுச் சிரித்தபடி ஓடுகிறார்கள். அவன் பெயருக்கு அந்தச் சிரிப்பு மட்டும் மிஞ்சினால் போதும்.

இவ்வோலையைத் தங்கள் கையில் தந்தவளே மருதநங்கை. அவளுக்கு எஞ்சியிருப்பது ஒற்றை உயிர். கொம்பு குளிர்ந்திருந்தால் உடைத்துவிட்டு ஊர் திரும்புவாள். உள்ளே தசை ஊறி வெதுவெதுப்பாக இருந்தால் தங்கள் மக்களை விலக்கிவிட்டுத் தனியே நிற்பாள். வீழ்ந்தால் எந்தத் தூணடியிலும் விழிக்கமாட்டாள். தங்கள் வாயிலின் அழகுக்காக அந்த உயிரைச் செலவிட எம் மன்னருக்கு மனமில்லை.

சம்மட்டியின் முகத்தையே அரக்கில் பதித்து இவ்வோலைக்கு முத்திரையிட்டோம். ஆணை இதுவே: விழா இந்நொடியே நிறுத்தப்படுக; கொம்பு வாயிலில் ஏறியிருந்தாலும் இறக்கப்படுக. செங்காந்தி பிடித்த அதே ஏணியைப் படைத்தலைவி தோளில் சுமந்து வந்திருக்கிறாள். அவள் ஏறிக் கொம்பை இறக்கும்வரை, வேறு எவரையும் ஏவாமல், தாங்களே அந்த ஏணியைப் பிடித்துக்கொள்க.