மூரல்கா மலை ரயிலில் கேட் பார்த்துச் சொல்லும் வேலை

அனுப்புநர்:
ஃப்ரேயா ஹார்க்கின் (வயது 29),
நூலகர், பொது நூலகம்,
மூரல்கா, விக்டோரியா மாநிலம்,
ஆஸ்திரேலியா.

பெறுநர்:
வட்டார அலுவலர் அவர்கள்,
இருப்புப்பாதைப் பாதுகாப்புப் பிரிவு,
விக்டோரியா மாநிலம்.

பொருள்: மூரல்கா மலை ரயிலின் மூத்த ஓட்டுநர் கண்பார்வை குன்றிய நிலையில் இன்ஜின் ஓட்டி வருவது – 08.06.2025 அன்று ஹேஸ்டி பண்ணைக் கேட்டில் நேரவிருந்த விபத்து – 21.06.2025 அன்று சிறுவர்கள் செல்லவிருக்கும் ரயில் புறப்படும் முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் புகார் எழுதிப் பழகியவள் அல்ல. இந்த மனுவை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாம் முறையாக எழுதுகிறேன். எனவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்ல அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.

2. மூரல்காவிலிருந்து பிளாக்கெட் மலை வரை பதினான்கு கிலோமீட்டர் தூரத்திற்கு, வார இறுதிகளில் நீராவி ரயில் ஓடுவதைத் தாங்கள் அறிவீர்கள். இதை நடத்தும் சங்கத்தில் டிக்கெட் கொடுப்பவர் முதல் ஓட்டுநர் வரை அனைவரும் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். எங்கள் நூலகம் வருகிற 21ஆம் தேதி சனிக்கிழமை எண்பத்து நான்கு சிறுவர்களை இந்த ரயிலில் அழைத்துச் சென்று, பெட்டிகளில் அவர்களுக்குக் கதை வாசிக்க ஏற்பாடு செய்துள்ளது. பதிவு செய்தவள் நான். முன்னதாக ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வண்டிக்குச் சென்றேன். இன்ஜினிலேயே நின்று பயணம் செய்ய ஒவ்வொரு நடையிலும் ஒரு விருந்தினரை ஏற்றிக்கொள்கிறார்கள். எனக்கு வெகுநாள் ஆசை. அந்த டிக்கெட்டை வாங்கினேன்.

3. ஓட்டுநர் திரு. மெர்வின் டக்கெட், வயது எழுபத்தொன்பது, பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்தப் பாதையில் முப்பத்தாறு ஆண்டு அனுபவமுள்ளவர். ஊரில் என்னை நன்கு அறிந்தவர். பிளாட்பாரத்தில் நான் அவரைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையசைத்தேன். நேரே என்னை நோக்கி நின்றிருந்தவர், பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. வேலை மும்முரம் என்று எண்ணிக்கொண்டேன். அடுப்புக்குக் கரி தள்ளுபவர் திருமதி லியோனி ப்ரௌஸ், வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நான் ஏறியதும் அவர் சொன்னதை, பின்னால் வருவதற்கு அவசியமாதலால், அப்படியே எழுதுகிறேன்:

"சும்மா நின்னு போட்டோ எடுக்குற எடம் இல்லம்மா இது. இங்க ஏறுனா வேலை செய்யணும். இடது வளைவு வந்தா பாய்லர் எனக்கு மறைச்சிரும். நீ மெர்வுக்குப் பின்னால நின்னு தலைய வெளிய நீட்டிக்க. கேட் வரும்போது பாதை காலியா இருந்தா 'வழி இருக்கு'ன்னு கத்து. எதாச்சும் நின்னா 'நிறுத்து'ன்னு கத்து. வெக்கப்படாத. பூனை மாதிரி முனகுனா இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது."

விருந்தினரை மகிழ்விக்கச் செய்யும் விளையாட்டு என்றே நினைத்தேன்.

4. முதல் கேட்டில் நான் கத்தியதும் திரு. டக்கெட் சட்டென்று திரும்பினார். "அட, நூலகத்துப் பொண்ணா! அங்க குசுகுசுன்னு பேசுவியே, இவ்வளவு சத்தத்த எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். "போன வாரம் வந்த பல் டாக்டர் மாதிரி இல்ல மெர்வ், இவ தேறிருவா" என்றார் திருமதி ப்ரௌஸ். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது கேட்டுகளில் இன்னும் உரக்கக் கத்தினேன். நடுவில் திருமதி ப்ரௌஸ் தேநீர்க் குவளையை அவரிடம் நீட்டவில்லை. அவருடைய கையைப் பிடித்து, விரல்களைக் குவளையைச் சுற்றி ஒவ்வொன்றாகப் படிய வைத்தார். நீண்ட காலம் சேர்ந்து வேலை செய்பவர்களின் அன்பு என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. நான்காவது கேட் ஹேஸ்டி பண்ணையுடையது. இடது வளைவின் முடிவில் இருக்கிறது. அங்கே காவலர் கிடையாது. பண்ணைக்காரர்களே திறந்து மூடிக்கொள்வார்கள். வளைவுக்கு முன் பனி விலகிப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வீச்சில் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அது என் தவறு. "கேட்?" என்று திருமதி ப்ரௌஸ் கத்திய பிறகே திரும்பினேன்.

தண்டவாளத்தின் மீது ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் பின்னால் குதிரை ஏற்றும் டிரெய்லர். டிரெய்லரின் சக்கரம் தண்டவாள இடுக்கில் சிக்கியிருந்தது. ஒரு பெண் எங்களை நோக்கி நின்று, சிவப்புக் கம்பளிச் சால்வையை இரண்டு கைகளாலும் வீசிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது மீட்டர் இருக்கும். எனக்குக் குரல் வரவில்லை.

திரு. டக்கெட்டின் முகம் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அந்தக் காரையும், அந்தப் பெண்ணையும், அந்தச் சிவப்புச் சால்வையையும் நேராகப் பார்த்தபடி அவர் மிகச் சாவதானமாக என்னிடம் கேட்டார்: "என்னம்மா, சொல்லு. வழி இருக்கா?"

ஐயா, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

6. நான் அலறினேன். அது சொல்லாக வந்ததா என்பது கூடத் தெரியாது. அவர் கை அந்தக் கணமே பிரேக்கை இழுத்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வண்டி நின்ற பிறகு இறங்கி அளந்தேன்: இன்ஜினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே பதினொரு எட்டு வைக்கும் தூரம். உள்ளே ஒரு சாம்பல் நிறக் குதிரை நின்றுகொண்டிருந்தது. கார்டாக இருந்த டாக்டர் ஆல்வின் ஸ்ட்ரூட் பெட்டி பெட்டியாகப் போய், "தண்டவாளத்துல மாடு நின்னுச்சு. கவலப்படாதீங்க, மாடு பாக்கறதுக்குத் தனி டிக்கெட் கிடையாது" என்று சொல்ல, பயணிகள் சிரித்தார்கள். சிலர் மாட்டைத் தேடிப் புகைப்படக் கருவியுடன் எட்டிப் பார்த்தார்கள். நான் மீண்டும் ஏறியபோது திரு. டக்கெட் என்னைக் கோபிக்காமல், குறைப்பட்டுக்கொள்வதுபோலச் சொன்னார்: "வெளிய பாரும்மான்னா பள்ளத்தாக்கையா பாக்கறது?"

7. பிளாக்கெட் மலை நிலையத்தில், திரு. டக்கெட் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, திருமதி ப்ரௌஸிடம் ஓட்டுநரின் பார்வையைப் பற்றி நேரடியாகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ரெண்டு வருஷமாச்சு. நடுவுல புகை மாதிரி இருக்காம். ஓரத்துல இருக்கறது தெரியும். நேரா இருக்கறதுதான் தெரியாது." ரயிலுக்கு நேராக இருப்பதுதானே முக்கியம் என்றேன். "அதுக்குத்தான் நாங்க இருக்கோமே. வலது வளைவுக்கு நான். இடது வளைவுக்கு ஆள் இல்லாமத்தான் இந்த விருந்தாளி டிக்கெட்டையே ஆரம்பிச்சோம்" என்றார்.

அதாவது ஐயா, இரண்டு ஆண்டுகளாக ஊர் பேர் தெரியாத சுற்றுலாப் பயணிகள், ஆசைப்பட்டுக் காசு கொடுத்து, அவர்களுக்கே தெரியாமல் இந்த ரயிலை வழிநடத்தி வருகிறார்கள்.

8. மருத்துவச் சோதனை எப்படித் தேறுகிறார் என்று கேட்டேன். சோதிப்பவர் மேற்படி டாக்டர் ஸ்ட்ரூட். அவரும் இந்தச் சங்கத்தின் உறுப்பினரே. "கண்ணு சோதிக்கற எழுத்துப் பலகை பன்னெண்டு வருஷமா ஸ்டேஷன் விளக்கு அறையிலயேதான் தொங்குது. மெர்வுக்கு மனப்பாடம். ஒரு தடவ பெயின்ட் அடிச்சுட்டுப் பலகைய தலைகீழா மாட்டிட்டாங்க. அப்பவும் மேலேர்ந்து கீழ பழைய வரிசையிலயே படிச்சாரு பாரு!" என்று திருமதி ப்ரௌஸ் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வெளிய சொல்லிராதம்மா. வீட்டுல ஒரு ஆளு இல்ல அவருக்கு. இதுவும் போச்சுன்னா என்ன பண்ணுவாரு?" என்றார். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் இது தெரியும். அவர்களில் ஒருவரும் கெட்டவர் அல்லர். என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

9. அடுத்ததை எழுதாமல் விட்டால் இந்த மனு நேர்மையாக இராது. திரும்பும் வண்டிக்கு விருந்தினர் டிக்கெட்டை யாரும் வாங்கியிருக்கவில்லை. "நீ வரலன்னாலும் வண்டி போகத்தான் போகுது" என்றார் திருமதி ப்ரௌஸ். அப்போதே நான் மறுத்து, பயணிகளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். நான் மீண்டும் இன்ஜினில் ஏறினேன். பதினான்கு கிலோமீட்டரும் கண்ணிமைக்க அஞ்சி, குரல் கட்டும்வரை கத்திக்கொண்டு வந்தேன். மூரல்காவில் இறங்கியதும் எனக்கு 'ஒரு நாள் இன்ஜின் பணியாளர்' என்ற சான்றிதழ் கொடுத்தார்கள். இத்துடன் இணைத்துள்ளேன். ஓட்டுநரின் கையெழுத்து அதற்கான கோட்டில் இல்லாமல், என் பெயரின் மேலேயே விழுந்திருப்பதைத் தாங்கள் கவனிக்கலாம்.

10. சிறுவர்கள் பயணத்தை மட்டும் மழையைக் காரணம் காட்டி ரத்து செய்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். அந்தக் கடிதத்தை எழுதியும் வைத்தேன். ஆனால் அதே சனிக்கிழமை அதே வண்டியில் வேறு யாரோ ஏறுவார்கள். எனக்குப் பதில் வேறு யாரோ பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். 21ஆம் தேதிக்கான ஓட்டுநர் பட்டியலில் திரு. டக்கெட்டின் பெயரே உள்ளது.

11. ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நூலகத்திலிருந்து யார் அச்சு நூல் எடுக்கிறார், யார் ஒலி நூல் எடுக்கிறார் என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். இந்த மனுவில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் இன்ஜினிலும் நிலையத்திலும் கண்டதும் கேட்டதும் மட்டுமே.

12. எனவே தாங்கள்,

(அ) 21ஆம் தேதிக்கு முன்பாக, சங்கத்தோடு தொடர்பில்லாத கண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு, அவர் கொண்டுவரும் எழுத்துப் பலகையில், ஓட்டுநர்கள் அனைவரையும் சோதிக்கவும், அதுவரை திரு. டக்கெட் இன்ஜின் ஓட்டாதிருக்கவும்,

(ஆ) கேட் பார்த்துச் சொல்லும் வேலையை எந்தப் பயணியிடமும் ஒப்படைக்கக் கூடாது என்று ஆணையிடவும்

வேண்டுகிறேன். ரயிலை மூடும்படி நான் கேட்கவில்லை. கண் தெரியும் ஓட்டுநர்கள் வேறு மூவர் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வந்தால் எண்பத்து நான்கு சிறுவர்களையும் நானே கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன்.

13. கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் முடிவைத் திரு. டக்கெட்டுக்குக் கடிதமாக அனுப்ப வேண்டாம். அவரால் அதைப் படிக்க முடியாது. அந்த விளக்கு அறையில் நின்று யாராவது ஒருவர் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டிவரும். தயவுசெய்து நேரில் வந்து சொல்லுங்கள். புகார் எழுதியது யார் என்று அவர் கேட்டால் என் பெயரை மறைக்கவும் வேண்டாம். தாங்கள் வரும் நாளைத் தெரிவித்தால் நானும் உடன் வருகிறேன். நான் பேசினால் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'வழி இருக்கா' என்று அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இடம்: மூரல்கா
நாள்: 10.06.2025

கண்டதைக் கண்டபடி எழுதிய,
(ஒப்பம்)
ஃப்ரேயா ஹார்க்கின்