கம்பிவேலிக்கு வெளியே நின்றது

செவ்வாய்க்கிழமை, இரவு

“காயம் ஆறினால் வலைப்பந்து விளையாடலாம்தானே அப்பா?” குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்ததும் மகள் கேட்டது அதைத்தான்.

வெளிக்காயம் ஆறி, இன்று மறுபடி பயிற்சிக்குப் போனாள். நான் கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். பந்துக்கு எம்பியவள் வயிற்றைப் பிடித்தாள். “நோகுதோ?” என்று பயிற்சி ஆசிரியை கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இல்லை மிஸ்” என்றாள்.

துறைமுக வீதியால் ஸ்கூட்டரில் வரும்போது விசாரித்தேன்.

“நொந்ததுதான். நீங்கள் அழப்போற மாதிரி நிக்கேக்க எப்படிச் சொல்லுறது?”

“நான் சும்மா பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“ஓம், அந்த முகத்தை ஆஸ்பத்திரியிலயே கண்டனான்.”

நான் படிப்பிக்கும் வகுப்பிலும் நான் முகம் சுளித்தால், விளங்காத பிள்ளைகள் விளங்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள். இவளும் இப்படியே நோவை மறைத்து, உள்ளே தையல் விட்டுப்போனால்...

நாளை அவளை மைதான வாசலில் இறக்கிவிட்டு, வேலியடியில் நிற்காமல் நேரே மீன் சந்தைக்குப் போய்விட வேண்டும். என் முகம் அங்கே இல்லாவிட்டால், நொந்தால் நொந்தது என்று மிஸ்ஸிடம் சொல்வாள்.