ஆறு எண், ஒன்பது புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் இருநூற்று எண்பது கம்ப்யூட்டர்களை மேய்க்கிறேன். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் இன்று மானத்தை வாங்கியது.

அண்ணியின் வேலை நிரந்தரம் ஆகப்போகிறது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, அறிக்கையாகத் தட்டித் தருகிற வேலை. வீட்டிலிருந்தபடியே மூன்று மாதம் தற்காலிகமாகச் செய்துவிட்டார். இப்போது ஒரு நிபந்தனை: ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கக் கூடாது. பத்தொன்பதாம் தேதி கம்பெனி ஆள் வீடியோவில் பார்த்துச் சோதிப்பார். தேறாவிட்டால் வேலை இல்லை. அண்ணன் கப்பலில் இருக்கிறான், வர இன்னும் ஐந்து மாதம். அதுவரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அண்ணி சொல்வது நியாயம்தான்.

"தம்பி, உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"மூணு" என்றேன். வாய்க்கொழுப்பு.

செட்டிங்ஸில் பூட்டுக்கான வரியே இல்லை. மங்கலாகக் கிடந்தாலாவது ஏதோ தடுக்கிறது என்று புரியும். இது அடியோடு இல்லை. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் இருக்க வேண்டியதை யாரோ உருவி எடுத்துவிட்டு இரண்டையும் நெருக்கி உட்காரவைத்த மாதிரி.

மார்ச் 5, புதன்

டிரைவரை மாற்றினேன். அப்டேட் போட்டேன். ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட். இல்லை.

மார்ச் 6, வியாழன்

காலையில் குளித்துவிட்டு வந்தால் அண்ணி சமையலறை வாசலில் நிற்கிறார். "மூணு நிமிஷம் ஆயிடுச்சா தம்பி?"

உள்ளேயிருந்து அம்மா: "ஆபீஸ்ல புலி, வீட்ல எலி."

கம்ப்யூட்டர் முன்னால் அப்பா. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை அது அவருடையது, அப்புறம்தான் அண்ணிக்கு. ரயில்வே சிக்னல் அறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வண்டிகளை விடவில்லை. எந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று காட்டும் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "நாலு நிமிஷம் லேட்டு. எங்க காலத்துல இதுக்கு மெமோ வந்திருக்கும்" என்பார். நாற்பது ஐம்பது வண்டிகளின் எண் மனப்பாடம். மறதிக்காரர்களுக்குப் பழையது நிற்கும், புதியதுதான் தங்காது.

ஆமாம், அப்பாவுக்கு மறதி. மூன்று வருஷமாக. அம்மா வீடு முழுக்கச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். அடுப்புக்கு மேலே "கேஸ் மூடியாச்சா?" வாசற்கதவில் "சாவி. குடை. கண்ணாடி." ஸ்கூட்டர் சாவி அம்மாவின் பீரோவில். தனியாக வெளியூர் போக அனுமதி இல்லை. எல்லாம் அவர் நல்லதுக்குத்தான்.

மார்ச் 8, சனி

பிடித்தேன்! ஒவ்வொரு முறை மிஷினை இயக்கும்போதும் மறைவாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது ஒரு நிரல் துண்டு, ஓடுகிறது. ஓடி, பூட்டு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அழித்துவிட்டு நல்லபிள்ளையாகப் போய்விடுகிறது. நான் சரிசெய்ததை எல்லாம் அடுத்த ரீஸ்டார்ட்டில் துடைத்தது இதுதான்.

வைரஸ் என்று அறிவித்தேன். அண்ணன் கண்ட கண்ட இடத்திலிருந்து படம் இறக்கியதன் பலன் என்றும் சொன்னேன். அண்ணி முகம் சுண்டிப்போனது. பரவாயில்லை, உண்மை உண்மைதானே. நாளைக்கு அதன் குடலை உருவிப் பார்க்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

குடலை உருவினேன். முதல் வரியில் என் பட்டப்பெயர். அலுவலகத்தில் என்னைக் கூப்பிடுகிற பெயர். இரண்டாம் வரியில் தேதி, மூன்று வருஷம் முந்தையது. மூன்றாவது வரி: "அப்பாவுக்கு மறதி. இனிமேல் பூட்டே வேண்டாம். மறுபடி மறுபடி என்னால் முடியாது."

நான் எழுதியதுதான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். இந்த வீட்டில் மறதி யாருக்கு?

நினைவு வந்துவிட்டது. அப்பா தினமும் அலுவலகத்துக்குப் போன் செய்வார், "தப்புன்னு சொல்லுதுடா." மாற்றிக் கொடுப்பேன். மறுநாளும் போன். "நான் சரியாத்தான்டா அடிச்சேன்." நான் கேட்டேன், "அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?" போனை வைத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை இந்த ஸ்கிரிப்டை எழுதினேன். அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன், அப்பாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது என்று.

சரி. அன்றைக்குச் செய்தது சரிதான். இன்றைக்கு அழித்தேன். ரீஸ்டார்ட். காணாமல் போன வரி ஒன்றும் நடக்காததுபோல் அதன் இடத்தில் இருக்கிறது. அண்ணியிடம் வைரஸ் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் வெச்ச வேட்டு" என்றேன். சிரித்தார். "உங்க அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டு ஒரு மெசேஜ் போடுங்க."

போட்டேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

மார்ச் 10, திங்கள்

பூட்டு அண்ணி, அப்பா இருவருக்கும் சேர்த்துத்தான். கம்பெனி விதிப்படி அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு இல்லாத கணக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்பா கணக்குக்கு எழுத்து வேண்டாம் என்று ஆறு எண் வைத்தேன்: 618204. சீட்டில் பெரிதாக எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

பத்து மணிக்குப் போன். "தப்புன்னு சொல்லுதுடா."

பின்னாலிருந்து அம்மா குரல்: "சீட்டைப் பார்த்து அடிக்கக்கூட முடியலியா உங்களுக்கு?"

மார்ச் 12, புதன்

மூன்று நாளாக அதே கதை. இன்று அப்பாவே சொல்லிவிட்டார். "விடுடா. அந்தப் பொண்ணு வேலைதான் முக்கியம். எனக்கு அதுல என்ன பெரிய ஆபீஸ்?"

நல்லதாகப் போயிற்று, ஒரு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

மாலை வந்தபோது கூடத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். டிவியும் ஓடவில்லை. அண்ணி வேலை செய்யும் அறைக்கதவையே பார்த்துக்கொண்டு. அண்ணி தண்ணீர் குடிக்க வந்ததும், "ஏம்மா, பத்து நாப்பது வண்டி இன்னிக்கு நேரத்துக்கு வந்துதா?" என்றார். பார்த்துச் சொல்லும்வரை எழுந்து நின்றார். சிபாரிசுக்கு வந்த ஆள் மாதிரி.

மார்ச் 15, சனி

எப்படி எழுதுவது.

காலையில் நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்ததும் அண்ணி என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க இல்லாதப்ப மாமா கம்ப்யூட்டரைத் திறக்கப் பார்த்தாரு. நான் பின்னால நின்னது அவருக்குத் தெரியாது. சீட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு எண்ணா வாய்விட்டுச் சொல்லித்தான் அடிக்கிறாரு. ஒண்ணுகூடத் தப்பில்ல."

"அப்புறம் எப்படித் தப்புன்னு வரும்?"

"ஆறு எண்ணுதானே குடுத்தீங்க? ஒம்பது புள்ளி விழுந்துச்சு."

"எண்ணினீங்களா?"

"எனக்குச் சம்பளமே எழுத்தை எண்ணித்தான் தர்றாங்க. தம்பி, அவர் தப்பா அடிக்கல. அதிகமா அடிக்கிறார்."

பாஸ்வேர்டு கட்டத்தில் எண் தெரியாது, வெறும் கறுப்புப் புள்ளிதான். எதை அடித்தாலும் புள்ளி. அன்றும் சரி, இன்றும் சரி, அந்தப் புள்ளிகளை ஒருவரும் எண்ணவில்லை. நான் எண்ணவில்லை. நான்! இதே வேலையில் சம்பளம் வாங்குகிறவன்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் அடிப்பதைப் பார்த்திருந்தால் முடிந்தது. போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டேன். "இதுல அடிங்கப்பா. இது பாஸ்வேர்டு இல்ல, சும்மா."

ஆள்காட்டி விரல் லேசாக நடுங்கியபடி இறங்கியது. இறங்கிய விரல் உடனே எழவில்லை, கீயின் மேலேயே ஒரு நொடி படுத்திருந்தது. திரையில்:

661882044

அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு ஆறு இருக்கு."

"ஆமாப்பா. விரல் கொஞ்சம் கூடுதலா நிக்குது. அதனால ரெண்டா எடுத்துக்குது."

"நான் ஒரு ஆறுதான் அடிச்சேன்."

"ஆமாப்பா."

திரையில் இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அப்புறம், "அப்ப நான் மறக்கல" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

அம்மா கத்திரிக்காய்ப் பையைக் கையில் வைத்தபடியே வாசலில் நின்றிருந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

கீயை அழுத்தியபடி இருந்தாலும் ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் வசதி எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. மூன்று கிளிக். உள்ளே நுழைவதற்கு முந்தைய திரையிலும் அது வேலை செய்ய வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு. ஐந்து கிளிக்கை மிச்சம் பிடிக்கத்தான் நாற்பது வரி ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன்.

அப்பா அடித்தார். திறந்தது. பூட்டினார். மறுபடி அடித்தார். திறந்தது. பதினோரு தடவை. பன்னிரண்டாவதில் அண்ணி, "மாமா, கதவு தேஞ்சிடப்போகுது" என்றார்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். "அப்பா, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்ததும், "பத்து நாப்பது வர்ற நேரம், நகரு" என்றார்.

மார்ச் 17, திங்கள்

மாலை வந்தால் வாசற்கதவில் சீட்டு இல்லை. அடுப்புக்கு மேலேயும் இல்லை. பசைத் தடம் மட்டும் இருக்கிறது. அம்மா ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போக மாட்டேங்குது" என்றாள். நான் கத்தி எடுத்து வந்து சுரண்டினேன். நடுவில், "குடையை மறக்காதவன் யாருடா இருக்கான்?" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். பதினொன்றரைக்குக் கம்பெனி ஆள் வீடியோவில் வந்தார். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கையை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடம். சரியாகப் பூட்டிக்கொண்டது. அண்ணி திறந்தார். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

"இதை வேற யாரும் யூஸ் பண்றாங்களா?"

"என் மாமனார்" என்றார் அண்ணி.

"அவரும் ஒரு தடவை திறந்து காட்டணும். பாஸ்வேர்டை வேற யாரும் சொல்லித் தரக் கூடாது."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் சீட்டு இல்லை. முதல் எண். விரல் இறங்கியது, நின்றது, எழுந்தது. ஒரு புள்ளி. நானும் எண்ணினேன், அண்ணியும் எண்ணியிருப்பார். இரண்டு. மூன்று. நான்காவதில் கை நடுங்கிப் பின்வாங்கியது. மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். நான்கு. ஐந்து. ஆறு.

திறந்தது.

கம்பெனி ஆள் எதையோ குறித்துக்கொண்டு, "ஓகே, தேங்க்ஸ் சார்" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

"சார்னு சொன்னான், கேட்டியா?" என்று அப்பா அம்மாவிடம் போய்ச் சொன்னார். அண்ணிக்கு மாலையே நிரந்தர உத்தரவு வந்துவிட்டது.

மார்ச் 22, சனி

டாக்டரிடம் போனோம். கைநடுக்கம், வயதில் வருகிற சாதாரண வகை, மருந்து கொடுத்திருக்கிறார். மறதிக்கும் சோதனை செய்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னதற்கு அப்பா நிற்காமல் இரண்டுவரை வந்து சேர்ந்தார். நான் எழுபத்தொன்பதிலேயே இறங்கிவிட்டேன்.

"ஞாபகசக்தி அருமையா இருக்கு. யாரு மறதின்னு சொன்னது?" என்றார் டாக்டர்.

அப்பா கூரையைப் பார்த்தார். "யாரோ சொன்னாங்க சார். மறந்துபோச்சு."

மார்ச் 30, ஞாயிறு

அப்பா நேற்றுத் தனியாக ரயில் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இன்று வந்தார். வண்டி இரண்டு நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்ததாம். குடையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மிஷினுக்கு ஒரு அப்டேட் போட வேண்டியிருந்தது. அண்ணி கணக்கில் முடித்துவிட்டு அப்பா கணக்குக்கு வந்தேன். 618204 அடித்தேன். தப்பு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். தப்பு.

"அப்பா, பாஸ்வேர்டு என்ன?"

பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. "மறந்துட்டேன்டா."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அந்தப் பக்கம் திரும்பு" என்றார்.

நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பினேன். சீட்டு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளிறல் இன்னும் இருக்கிறது. பின்னால் கீபோர்டில் ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. அவசரமே இல்லாமல். எண்ணினேன். எட்டு.

"ம், இப்ப பாரு" என்றார். திறந்திருந்தது.