வெந்நீர்த் தொட்டியில் போட்ட பூஜ்யம்

பிப்ரவரி 9

ஒரு கட்டுரை அதை எழுதியவளுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? இருபது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

என் மாணவி எய்ரூன் எழுதிய கட்டுரையைப் பள்ளிக் கணினி ‘இயந்திரம் எழுதியது’ என்று காட்டிவிட்டது. தலைப்பு, ‘எனக்குத் தெரிந்த ஒரு வேலை’. ஊர் நீச்சல் குளத்தில் மாலை வேளைகளில் அவள் பார்க்கும் காவல் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறாள். ‘தண்ணீரில் தெரியும் தலைகளை நான் பார்ப்பதில்லை. காணாமல் போகிற தலையைத்தான் தேடுகிறேன்.’ மாணவர் கட்டுரையைத் திருத்தும் பேனாவை வைத்துவிட்டுப் படித்தது எனக்கு அபூர்வம். சந்தேகமும் அதனால்தான். கடைசிப் பத்தியில் பாதிச் சொற்கள் நான் சொல்லித்தராதவை.

முதல்வர் ஹப்லிதி என்னோடு இதே பள்ளியில் படித்தவன். “விசாரிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே” என்றேன். தலையாட்டினான்.

பிப்ரவரி 10

திறந்துவிட்டான். நேற்று மாலையே! குளத்தங்கரை வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்துகொண்டு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். இந்த ஊரில் எதைத்தான் அங்கே உட்கார்ந்து முடிவு செய்வதில்லை? துறைமுகத்து விளக்கு, தேவாலயக் கூரை, இப்போது இது. எய்ரூனுக்குப் பூஜ்யம். ஆகவே தேர்ச்சி இல்லை, மே மாதம் பட்டம் வாங்குகிறவர்கள் போடும் வெள்ளைத் தொப்பியும் இல்லை.

மீன் ஆலை பால்மி கேட்டானாம்: “அவளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் எங்கேர்ந்து வந்துச்சு? காட் மீன் சொல்லிக்குடுத்துச்சா?” ஒரே சிரிப்பாம்.

தொட்டிக்குப் பின்னால் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தவள் எய்ரூன்.

அவள் அங்கே வேலை பார்க்கிறாள் என்பதுதான் கட்டுரையே! முதல் வரியிலேயே இருக்கிறது. ஹப்லிதி அதைப் படிக்கவே இல்லை.

பிப்ரவரி 11

எய்ரூன் வகுப்புக்கு வரவில்லை.

பிப்ரவரி 13

இன்றும் வரவில்லை. ஹப்லிதியின் அறைக்குப் போனேன்.

“நீ படிச்சியா?”

“கணினி சொல்லுதே.”

“கணினியைக் கேக்கலை. நீ படிச்சியா?”

“ஸ்டெய்னுன், என் இங்கிலீஷ் உனக்குத் தெரியாதா? நான் டேனிஷ் நல்லாப் படிச்சவன்.” சிரிக்க வேறு செய்தான். “அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பூஜ்யம் போட்டுடு. இல்லேன்னா நான் போடறேன். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, இனிமே பின்வாங்க முடியாது.”

ஊருக்கு யார் சொன்னது? மடையன். கதவை அறைந்து சாத்தினேன். அது தானாக மெல்ல மூடும் கதவு. அந்தத் திருப்திகூட இல்லை.

பிப்ரவரி 14

குளத்தின் சீட்டு ஜன்னலில் எய்ரூனைப் பார்த்தேன். நானும் கேட்டுத் தொலைத்தேன்: “நீதான் எழுதினியா?”

“தொட்டியில முடிவாயிடுச்சே. அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?”

“அந்தச் சொல்லெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?”

“கோடையில கப்பல்ல வர்ற வெளிநாட்டுக்காரங்க வெந்நீருக்குத்தான் வர்றாங்க. நாள் பூரா அவங்களோட பேசறேன். பேசினா கெட்டிக்காரி, எழுதினா திருடியா?”

நம்பலாம். நம்பாமலும் இருக்கலாம். என் எதிரே இன்னொன்று எழுதிக்கொடு, ஊர் வாயை அடைத்துவிடலாம் என்றேன்.

“சர்க்கஸ்ல பந்து விளையாடிக் காட்டற கடல்நாயா நான்?” என்று ஜன்னலைச் சாத்தினாள்.

அவள்மேலும் கோபம் வருகிறது. நியாயமில்லாத கோபம்தான். வருகிறதே, என்ன செய்ய?

பிப்ரவரி 15

பதிவேட்டில் எட்டு போட்டுவிட்டேன். பத்துக்கு எட்டு. எழுத்துக்கு அதுதான் மதிப்பு. சந்தேகத்துக்கு மதிப்பெண் குறைக்க எனக்குத் தெரியாது.

நாளை தொட்டிக்குப் போகிறேன். அரை உடையில் உட்கார்ந்து அரட்டையடிப்பது எனக்கு ஆகாது. ஆனால் அங்கே சொன்னதை அங்கேதான் எடுக்க வேண்டும். என்ன பேசுவது என்று சமையலறையில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

பிப்ரவரி 16

ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்கவில்லை—முதலில்.

தொட்டியில் பால்மியும் இன்னும் சிலரும். தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. ஹப்லிதி வந்து படியில் கால் வைத்தான்.

“ஹப்லிதி, நில்லுங்க.” எய்ரூன், காவல் நாற்காலியிலிருந்து. “உடம்பு காஞ்சிருக்கு. சோப்பு போட்டுக் குளிக்காம இறங்கக் கூடாது.”

“குளிச்சேனே!”

“தலைமுடிகூட நனையலையே. போய்க் குளிச்சிட்டு வாங்க.”

வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்கிற சட்டம். இந்த ஊரில் பிறந்தவனிடம் யாரும் சொன்னதில்லை. பால்மி தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “போய்யா, அக்குள்ள நல்லாத் தேய்!” முதல்வர் வெறுங்காலோடு பனிமேல் திரும்பி நடந்தார்.

நனைந்து வந்தவனிடம் சொன்னேன்: “எட்டு போட்டிருக்கேன். மாத்தணும்னா முதல்ல கட்டுரையைப் படி. படிச்சதை இங்கே வந்து எல்லாருக்கும் சொல்லு.”

“படியேன்ப்பா, நாங்களும் கேக்கறோம்” என்றான் பால்மி. போன வாரம் சிரித்த அதே வாய்.

ஹப்லிதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, “எட்டே இருக்கட்டும்” என்றான்.

வீட்டுக்கு வந்து வெண்ணெய் தடவிய கருவாடு தின்றேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 17

எட்டு அப்படியே இருக்கிறது. தொப்பி கிடைத்துவிடும்.

எய்ரூன் வகுப்புக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் எழுதச் சொன்னேன், எதைப் பற்றி வேண்டுமானாலும். எல்லாரும் எழுதினார்கள். அவள் பேனாவைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். மேலே பெயர் மட்டும்.

“நானேதான் எழுதினேன்” என்றாள். “வேணும்னா கணினியில போட்டுப் பாருங்க.”