சனிக்கிழமைத் தூக்குவாளி

அக்கா,

கடைசியாக வந்தபோது நீங்கள் மறந்து விட்டுப்போன தூக்குவாளியை இன்று காலையில் மேல்தட்டிலிருந்து எடுத்து மூடியைத் திறந்தேன். பூண்டு வாசம் அடித்தது. புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திய வாளிதான். இருந்தும் வாசம் போகவில்லை. நீங்கள் குழம்பில் அள்ளிப் போடும் பூண்டுக்கு வாளியைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்.

அந்த வாசத்துக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூடியைத் திரும்பப் போட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குர்லா ஸ்டேஷனில் வண்டி வருவதும் போவதும் கேட்டது. இன்று சனிக்கிழமை. அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார், அங்கேயே சாப்பிட்டுக்கொள்வார். நான் அதுவரை அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஏதோ விரதம் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை அடுப்புப் பற்றவைத்து எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். மத்தியானம் நீங்கள் வருவீர்கள் என்று உடம்பு பாட்டுக்குக் காத்திருந்தது. உங்களைப் புதைத்துவிட்டு வந்தது உடம்புக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். ஓரகத்திகள் ஒத்துப்போன கதையை நம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. நமக்கோ சண்டை போடக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. நீங்கள் பிறந்ததிலிருந்தே மாதா கோயில்காரி. நான் புராட்டஸ்டண்ட் சபை உபதேசியாரின் மகள். மரியாள் நம்மைப் போல ஒரு மனுஷி, அவளை மதிக்கலாம், கும்பிடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார் அப்பா. கலியாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில், உங்கள் அறையில் எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க, நான் மட்டும் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் மாதிரி நின்றேன்.

ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு நீங்கள் என்னிடம் வந்து, “என்னட்டி, முட்டு வலியா ஒனக்கு?” என்று கேட்டீர்கள்.

“முட்டு நல்லாத்தான் இருக்கு. அவளும் நம்மளப் போல ஒரு மனுஷிதான்னு எங்க அப்பா சொல்லுவாவ.”

“மனுஷிதான். யாரு இல்லன்னா? அதனாலதான் வெங்காய வெல வரைக்கும் அவகிட்டப் பேசுதேன். சேசுநாதர்கிட்ட அதப் பேச முடியுமா? அவரு ஆம்பள.” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். “நாங்க கும்பிடுதது மகனத்தான். இவளுக்கு மரியாத. ஒரு வீட்டுக்குப் போனா, அந்த வீட்டு அம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லாம உள்ள போவியா?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அப்பா கற்றுக்கொடுத்த வசனங்கள் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் நீங்கள் அதற்குள் அரிசி களையப் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் ஒருநாளும் என்னை முழங்காலிடச் சொன்னதில்லை.

நாங்கள் குர்லாவுக்குத் தனிக்குடித்தனம் வந்த பிறகு, போப்பாண்டவர் பம்பாய்க்கு வந்துபோன மறுவருஷ மழைக்காலத்தில் என் மகள் போனாள். மூன்று வயது முடியவில்லை. தொண்டை அடைப்பான். வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போனது, சாயங்காலம் மழையோடு மழையாக அடக்கம். மறுநாள் சனிக்கிழமை நான் எழுந்தேன், தலை சீவினேன், வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டேன். பார்க்க வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. “பெத்தவளா இவ? கண்ணுல ஒரு சொட்டு வரலியே” என்று ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் சொன்னது சரிதான் என்று இருந்தது. பிறகு ஊரிலிருந்து அப்பாவின் கார்டு வந்தது: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். அதையும் படித்து மடித்து வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே நீங்கள் தூக்குவாளியோடு வந்தீர்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டுச் சோறு வரும், அது வழக்கம்தான். “ரெண்டு வாயி தின்னுட்டி” என்று மட்டும் சொல்லி, நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வந்த மற்றவர்கள் சில நாளில் நின்றுவிட்டார்கள். நீங்கள் அடுத்த சனிக்கிழமையும் வந்தீர்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும். தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷன் வரை நடந்து, லேடீஸ் டப்பாவில் ஏறி, ஒரு ஸ்டேஷன் தள்ளிக் குர்லாவில் இறங்கி வருவீர்கள். சனிக்கிழமை மாதாவுக்காக நீங்கள் ஒருசந்தி இருப்பவர், ராத்திரி ஒருவேளைச் சோறுதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பசித்த வயிற்றோடு உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்திருக்கிறீர்கள்.

நான் வாளியைக் கழுவி வெறுமையாகவே திருப்பித் தந்தேன். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் தரக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு வெல்லம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கிள்ளு சீனி. சீனி டப்பா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை போகவில்லை. நீங்களும் அப்படியே வாங்கிக்கொண்டு போனீர்கள்.

செப்டம்பரில் பாந்திரா மலை மாதா திருவிழாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்களே. ஏறுகிற வழியெல்லாம் மெழுகுக் கடைகள். கை நொந்தவன் மெழுகுக் கை வாங்கி மாதாவுக்கு வைக்கிறான், கால் நொந்தவன் கால் வைக்கிறான், பிள்ளை வேண்டுமென்றால் மெழுகுப் பிள்ளை, வீடு வேண்டுமென்றால் வீடு. கடைக்காரி “க்யா மாங்தா? ஹாத்? பேர்? பச்சா?” என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். பச்சா என்று அவள் தூக்கிய மெழுகுப் பிள்ளையைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“எங்கட்டி நோவுது ஒனக்கு?” என்று கேட்டீர்கள்.

“எங்கயும் நோவலக்கா.”

நீங்கள் கடைக்காரியிடம் உங்கள் தாராவி ஹிந்தியில், “பூரா ஔரத் தே” என்றீர்கள். அவள் தேடி, ஒரு முழுப் பெண் உருவத்தை எடுத்துத் தந்தாள். “எங்க நோவுதுன்னு ஒனக்கே தெரியல, நான் கண்டனா? முழு ஆளாவே குடுத்துருவோம், அவ பாத்துக்கிடட்டும்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. கோயிலுக்குள்ளே மாதா கையில் குழந்தையோடு நின்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் என் காதில், “புள்ளையப் பாக்க வேண்டாம்ட்டி. அவ மொகத்த மட்டும் பாரு” என்றீர்கள். பார்த்தேன். சாதாரண முகம்தான்.

இறங்கிவரும்போது படியில் உட்கார்ந்து கடலை தின்றோம். அப்போதுதான் கேட்டேன், “ஏன்க்கா, சனிக்கிழமயாப் பாத்து வாரிய?”

“வெள்ளிக்கிழம மகன் செத்தான். ஞாயித்துக்கிழம எந்திச்சான். நடுவுல ஒரு சனிக்கிழம கெடக்குல்லா. அன்னைக்கு அவ என்ன செஞ்சிருப்பா? நீ வேதம் படிச்சவ, சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். “அதப் பத்தி வேதத்துல ஒண்ணும் எழுதல.”

“எழுதலன்னா அந்த நாளு இல்லாமப் போச்சா? விடிஞ்சிருக்கும்லா. அடுப்புப் பத்த வச்சிருப்பாளா?”

“மாட்டா. யூதர்களுக்குச் சனிக்கிழம ஓய்வுநாள். அடுப்பு மூட்டக்கூடாது.”

“அப்போ யாரோ ஒருத்தி கொண்டு வச்சிருக்கணும். தின்னாளோ தின்னலியோ” என்று சொல்லிக் கடலைத் தோலைச் சேலையிலிருந்து தட்டிவிட்டு எழுந்தீர்கள். “ஒனக்கு இன்னும் ஞாயித்துக்கிழம வரலட்டி. வாரப்போ வரட்டும். அதுவரைக்கும் நான் வாரேன்.”

எத்தனையோ பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளிக்குப் பிரசங்கம் உண்டு, ஞாயிறுக்கு உண்டு. அந்த நடு நாளை என் முன்னால் எடுத்து வைத்தவர் நீங்கள்தான். அழாமல், ஜெபிக்காமல், எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் பக்கத்தில் நான் உட்காரலாம் போலிருந்தது.

மெழுகு வைத்ததும் ஒன்றும் நடந்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் போய், தவக்காலமும் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை வாளியைக் கழுவித் துடைத்தபோது கை தானாகச் சீனி டப்பாவுக்குப் போனது. ஒரு கிள்ளு எடுத்துப் போட்டு மூடினேன். நீங்கள் வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்தீர்கள். உள்ளே சீனி சரசரத்தது. திறந்து பார்த்தவர் வாளியை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்குப் பதிலாக நீங்கள் அழுதீர்கள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் மாதா புதுமை செய்துவிட்டாள் என்று சொன்னீர்களாம். ரேஷன் சீனிக்கு இவ்வளவா என்று அவர் என்னைக் கேலி செய்தார். அதற்குப் பிறகும் நீங்கள் வருவதை நிறுத்தவில்லை.

போன மாதம் காமாலை முற்றிப் படுத்தீர்கள். சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி, அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அறை முழுக்க ஆட்கள் நின்றும் ஜெபமாலை சொல்ல ஒருவருக்கும் குரல் எழவில்லை. உங்கள் மகன்கள் விம்மினார்கள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அழாதவள் நான் ஒருத்திதான், அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகியிருந்தது. “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று ஆரம்பித்து, “இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்” என்பதுவரை ஒரு இடத்திலும் குரல் உடையாமல் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் முழங்காலில் நிற்கிறேன் என்பதே முடிந்து எழும்போதுதான் தெரிந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் முட்டு வலி போய்விட்டதா என்று கேட்டிருப்பீர்கள்.

இன்று வாளியை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மாவின் நினைவு வந்தது. உங்களுக்குப் பண்டுவம் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்கள், பெற்ற மகளை மண்ணுக்குள் வைத்துவிட்டுத் தாராவியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தானும் மகன்களும் வேலைக்குப் போய்விடுவார்கள். அக்கம்பக்கத்துச் சோறு இதற்குள் நின்றிருக்கும். நான் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பூண்டு உரித்தேன், உங்கள் கணக்குக்கு.

ரயிலில், லேடீஸ் டப்பாவில் பக்கத்தில் இருந்த மீன்காரி என் வாளி வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் கூடையை நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வாசலில் நுழைந்ததும் சுவர்த்தட்டில் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்து, “வந்திருக்கேன்” என்றேன். வீட்டு அம்மையிடம் ஒரு வார்த்தை. உங்கள் அம்மா அதன் கீழே சுவரோடு சாய்ந்திருந்தார்கள். தலை ஒழுங்காகச் சீவியிருந்தது. கண் காய்ந்திருந்தது.

“ரெண்டு வாயி தின்னுங்க” என்றேன். தின்றார்கள், மண்ணைத் தின்பது மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவர்களே எழுந்து, வாளியைக் கழுவி, முந்தானையால் துடைத்து, மூடி போட்டு என்னிடம் நீட்டினார்கள்.

வாங்கி ஆட்டிப் பார்த்தேன், அக்கா. ஒரு சத்தமும் இல்லை. “அடுத்த சனிக்கிழம வாரேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.